கழிவுத் துணியும் கலைச் செல்வமும்

திருப்பூரைப் பனியன் நகரம் என்பர். டாலர் நகரம் என்றும் புகழ் பாடுவர். 2024-25ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்ப் பின்னலாடை இங்கிருந்து கடல் கடந்து சென்றது என்று கணக்குக் காட்டுவர். கணக்கு மெய்தான், மறுப்பாரில்லை. ஆனால் அந்தக் கணக்கிலே ஏறாத சரக்கு ஒன்று உண்டு. கம்பெனிகளின் பின்வாசல் வழியே நாள்தோறும் அது வெளியேறுகிறது. சாக்கு மூட்டையாகி, மொபெட்டிலும் ஆட்டோவிலும் ஏறி வெளியேறுகிறது. வெட்டு மேசையிலே விழுந்த துண்டு, ஓவர்லாக் கத்தி சீவித் தள்ளிய நாடா, நூல் தீர்ந்த வெறுங்கோன், சாயம் தவறிய பீஸ், ஓட்டை விழுந்த பனியன் — இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் சூட்டியிருக்கிறோம்: வேஸ்ட்!

வெட்டு மேசையில் விரிக்கும் துணியிலே நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை துண்டாகிக் கழியும் என்பது ஆடைத் தொழிலில் உலகெங்கும் சொல்லப்படும் பொதுக் கணக்கு. திருப்பூர் வட்டாரம் அதையும் எளிதில் விடுவதில்லை. நிறம் நிறமாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓ.இ. மில்லிலே நூலாக்கி, கைலியாகவும் விரிப்பாகவும் கையுறையாகவும் மாற்றிவிடுகிறது. நீளத் துண்டு மிதியடியாகிறது. மற்றது ஒர்க் ஷாப்பிலே எண்ணெய் துடைக்கப் போகிறது. இதற்கெல்லாம் தப்பி மிஞ்சுவது குப்பைமேடு சேர்கிறது.

அந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, நிறம் பிரிக்கிறவர் யார்? பெரும்பாலும் பெண்கள். குடோன் மூலையில், பறக்கும் பஞ்சுக்கு நடுவே, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய விரலைக் கவனித்ததுண்டா, தோழர்களே? பத்து வகைச் சிவப்பு ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இது செங்கல் நிறம், இது மாதுளை நிறம், இது வெயிலில் வெளுத்த மிளகாய் நிறம் என்று நொடியிலே பிரித்துத் தள்ளுவார்கள். நிறத்திலிருந்து நிறத்தைப் பிரித்தறியும் கண்! ஓவியப் பள்ளியிலே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து மாணவன் தேடுவது இந்தக் கண்ணைத்தான். அவனுக்கு வாய்த்தால் அதற்குப் பெயர் கலை. இவர்களுக்கு வாய்த்தால் அதற்குப் பெயர் கூலி வேலை!

"கலையா? வாடகை கட்ட வழியைக் காணோம், கலையாம் கலை!" என்று சினந்து கேட்கும் தோழர் இருப்பார். கேட்பதிலே நியாயமுண்டு. கலை என்ற சொல்லே மாடி வீட்டுக் கூடத்துக்குரியது, குளிர்பதன மண்டபத்துக்குரியது, சீமான்கள் ஏலம் கேட்பதற்குரியது என்று நெடுநாளாகச் சொல்லிச் சொல்லி நம்மை நம்பவைத்து விட்டார்கள். தந்தமும் வெண்கலமும் சந்தனமும் சலவைக் கல்லும் இருந்தால்தான் கலை பிறக்கும் என்று கதை கட்டிவிட்டார்கள். கட்டட்டும்! அந்தக் கதையைத் தெருவிலே போட்டு உடைத்தவர்கள் உலகெங்கும் உண்டு. வீசி எறிந்ததைப் பொறுக்கி எடுத்து வியப்பூட்டியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் நம் நாட்டுச் சாலைப் பணியாளர்! முதலில் அவரைப் பார்ப்போம்.

நேக் சந்த் என்பது அவர் பெயர். 1924இல் பிறந்தவர். இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சிற்றூர் அவருடைய பிறந்த மண். 1947இல் நாடு துண்டானபோது, துண்டு நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களோடு அவரும் வந்தார். பஞ்சாபுக்குப் புதுத் தலைநகராகச் சண்டிகர் எழுந்துகொண்டிருந்த காலம். பிரெஞ்சு நாட்டிலிருந்து லெ கொர்புசியே என்னும் உலகப் புகழ் கட்டடக் கலைஞரை அழைத்து, கோடு கிழித்துக் கட்டம் போட்டு நகரம் எழுப்பினார்கள். அந்த நகரத்திலே, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை நேக் சந்துக்கு. பெரிய வேலையல்ல, பேர் சொல்லும் பதவியுமல்ல.

புது நகரம் எழவேண்டுமானால் பழைய ஊர் அழியவேண்டும் அல்லவா? சுற்றிலுமிருந்த சிற்றூர்களை இடித்தார்கள். உடைந்த ஓடு, உடைந்த பீங்கான், உடைந்த வளையல், உடைந்த தொட்டி — எல்லாம் குவிந்தன. நகரத்துக்கு அவை குப்பை. நேக் சந்துக்கோ அவை இழந்த ஊரின் எலும்புகள்! 1957 அளவிலே தொடங்கினார். வேலை முடிந்த பிறகு சைக்கிளில் புறப்படுவார். கண்ட கல்லையும் உடைந்த ஓட்டையும் ஏற்றிக்கொண்டு, சுக்னா ஏரிப் பக்கம் கட்டடமே எழுப்பக்கூடாது என்று ஒதுக்கிவைத்த காட்டுப் பகுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இரவிலே உருவம் சமைப்பார். ஆணும் பெண்ணும் ஆடும் மாடும் குரங்கும் மயிலுமாக ஒரு மக்கள் கூட்டமே அங்கே எழுந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அரசாங்கத்தின் கண்ணிலே அது படவில்லை!

படத்தான் செய்தது ஒருநாள். சட்டப்படி பார்த்தால் என்ன செய்திருக்க வேண்டும்? அரசு நிலத்திலே அத்துமீறல்! இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். இடிக்கத்தான் நினைத்தார்கள். ஆனால் பார்த்த மக்கள் வியந்தார்கள், வியந்த மக்கள் பேசினார்கள், பேச்சு பெரிதாயிற்று. 1976இல் "பாறைத் தோட்டம்" என்று பெயர் சூட்டி அரசே அதைத் திறந்துவைத்தது. நேக் சந்துக்குச் சம்பளம் கொடுத்து, 50 தொழிலாளரையும் துணைக்குக் கொடுத்தது. 1984இல் பத்மஸ்ரீ பட்டமும் தந்தது. 2015இல் அவர் மறைந்தார். இன்று அந்தத் தோட்டம் ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பிலே விரிந்து கிடக்கிறது.

திருப்பூர்த் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று: அவர் கல்லோடும் ஓட்டோடும் நிற்கவில்லை. கழித்துப்போட்ட துணியைத் திணித்தும் சுற்றியும் தைத்தும், ஆள் உயரக் கந்தல் பொம்மைகளும் செய்தார். நம் ஊரில் கிலோ விலைக்குப் போகும் அதே கந்தல்!

கதை இங்கே இனிப்பாக முடிந்துவிடவில்லை. 2025 மார்ச்சு மாதம், சாலையை அகலப்படுத்தவும் வண்டி நிறுத்த இடம் காணவும் அந்தத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். சண்டிகர் மக்கள் திரண்டு கண்டனம் முழங்கினார்கள். சாலைக்காரர் கட்டியதைச் சாலைக்காகவே இடித்தார்கள்! பட்டம் கொடுப்பதற்குக் கை நீளும்; பாதுகாப்பதற்கு மட்டும் கை சுருங்கும். உழைப்பாளியின் கலைக்கு மக்களே காவல் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனிக் கடல் கடந்து பார்ப்போம். முதல் உலகப் போரிலே தோற்று, நொறுங்கிக் கிடந்த செர்மனி. ஆனோவர் நகரத்து ஓவியர் குர்ட் சுவிட்டர்ஸ் 1919இல் தெருவிலே குனிந்தார். கிழிந்த டிராம் டிக்கட், கிழிந்த விளம்பரம், கந்தல், ஆணி, கம்பி — பொறுக்கினார், பலகையிலே ஒட்டினார், படமாக்கினார். வணிகத்தைக் குறிக்கும் ஒரு சொல் அச்சடித்த தாள் கிழிந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. அந்தப் பாதிச் சொல்லையே எடுத்து "மெர்ட்ஸ்" என்று தம் கலைக்குப் பெயராக வைத்தார். உடைந்த நாட்டை உடைந்த பொருளால்தானே சொல்லமுடியும்? நாஜிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1937இல் மூனிக் நகரத்திலே "சீரழிந்த கலை" என்று இழிவுபடுத்திக் காட்டிய பொருட்காட்சியில் இவருடைய படைப்பையும் தொங்கவிட்டார்கள். அவர் நார்வேக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் ஓடி உயிர் தப்பினார். குப்பையை மதித்த கலைஞனைக் கண்டு கொடுங்கோலன் அஞ்சினான். ஏன்? எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கே உண்டென்பது அவன் எண்ணம். அந்தத் தீர்ப்பைத் தெருவிலே நின்று திருப்பி எழுதினான் கலைஞன்!

இத்தாலியிலே பியெல்லா என்றொரு ஊர். கம்பளி மில்களுக்குப் பேர்போன ஊர் — நமக்குத் திருப்பூர் போல அவர்களுக்கு அது! 1933இல் அங்கே பிறந்தவர் மிக்கேலாஞ்சலோ பிஸ்டோலெட்டோ. 1967இல் அவர் செய்த படைப்பு உலகப் புகழ்பெற்றது. வீனஸ் என்னும் அழகுத் தேவதையின் வெண்சிலை. அதற்கு எதிரே ஆளுயரக் கந்தல் குவியல். சிலை நம்மைப் பார்க்கவில்லை. கந்தலைப் பார்த்து நிற்கிறது. அவ்வளவுதான் படைப்பு! ஆனால் பார்ப்பவன் நெஞ்சிலே கேள்வி குத்துகிறது: அழகு எங்கே இருக்கிறது? வெள்ளைக் கல்லிலா, யாரோ உடுத்தி உழைத்து எறிந்த துணியிலா? 1998இல் இதே பிஸ்டோலெட்டோ தம் ஊரிலே மூடிக்கிடந்த பழைய ஜவுளி ஆலையைக் கலைக்கூடமாக்கினார். மில் கட்டடத்துக்கு வந்த மறுவாழ்வு அது.

அந்த வீனஸ் சிலையும் கந்தலும் பெரிய அளவிலே 2023இல் நேப்பிள்ஸ் நகரத்துச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டன. சூலை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அது தீப்பற்றி எரிந்து போயிற்று. தீ வைத்ததாகப் பிடிக்கப்பட்டவர் யார் தெரியுமா? வீடில்லாத ஒரு மனிதர்! மறு ஆண்டே படைப்பைப் புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். தீ வைப்பதை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சதுக்கத்தின் நடுவிலே கந்தலுக்கு இடமுண்டு. கந்தல் உடுத்தியவனுக்கு அந்நகரத்தில் ஒரு கூரை இல்லை! கந்தலைக் கலையாக்குவதிலே ஒரு பெருமை இருப்பது போலவே ஒரு பொறியும் இருக்கிறது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது.

என்ன பொறி? குப்பை அழகாகலாம், வறுமை அழகாகிவிடக் கூடாது. குப்பைமேட்டைப் படம் பிடித்து மாளிகையிலே மாட்டுவார்கள். மேட்டிலே நிற்பவன் மேட்டிலேயே நிற்பான். மாட்டியவர் மட்டும் மேலே போவார். ஆகவே கலை எது என்று கேட்பதோடு நிற்கலாகாது. கைம்மாறு யாருக்கு என்றும் கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றவரும் உண்டு. பிரேசில் நாட்டிலே ரியோ நகரத்தின் குப்பையெல்லாம் மலையாகக் குவிந்த இடம் ஜார்டிம் கிராமாச்சோ. அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களைக் கொண்டே, அந்தக் குப்பையாலேயே, அவர்களுடைய உருவங்களைப் பெரிய கூடத்துத் தரையிலே பரப்பி, மேலிருந்து படமெடுத்தார் விக் முனிஸ் என்னும் கலைஞர். உருவத்துக்கு நின்றவர்களே உருவத்தைப் பரப்பினார்கள். வேலைக்குக் கூலியும் பெற்றார்கள். அவர்களுடைய சங்கத்தின் இளந்தலைவரைக் காட்டும் படம் இலண்டனில் ஏலம் போயிற்று. பணம் பொறுக்குவோர் சங்கத்துக்கே போய்ச் சேர்ந்தது. "வேஸ்ட் லேண்ட்" என்னும் 2010ஆம் ஆண்டுச் செய்திப்படம் இந்தக் கதையை உலகுக்குச் சொல்லிற்று. 2012இல் அந்தக் குப்பைமேடு மூடப்பட்டது. குப்பை போனால் பிழைப்பும் போகும். ஆனால் தங்களுக்கொரு முகமும் குரலும் சங்கமும் உண்டென்று உலகம் அறிந்த பிறகே அது மூடப்பட்டது. வேறுபாடு சிறிதல்ல!

ஆப்பிரிக்காவிலே கானா நாடு. 1987இல் பிறந்த இப்ராகிம் மகாமா என்னும் கலைஞர் எடுத்துக்கொண்ட பொருள் சணல் சாக்கு! நம் நாட்டையும் வங்கதேசத்தையும் போன்ற நாடுகளிலே நெய்த சாக்கு, கானாவிலே கொக்கோவைச் சுமந்து, பிறகு கரியைச் சுமந்து, கிழிந்து, ஒட்டுப்போட்டு ஓய்ந்துபோகிறது. அந்தப் பழஞ்சாக்குகளை வணிகர்களிடமிருந்து வாங்கி, பலரைச் சேர்த்துத் தைக்கச் செய்து, பெரும் பெரும் கட்டடங்களை அப்படியே மூடிவிடுகிறார் மகாமா. 2015இல் வெனிஸ் நகரத்துக் கலை விழாவிலே அவருடைய சாக்குகள் தொங்கின. சாக்கின்மேல் இருந்த அழுக்கையும் தழும்பையும் அவர் துவைத்து நீக்கவில்லை. உழைப்பின் கையெழுத்து அது, அதைத் துவைப்பானேன்?

2024இல் இலண்டனிலே பார்பிகன் கட்டடத்தின் சுவர்களை அவர் கத்தரிப்பூ நிறத் துணியால் போர்த்தினார். அவ்வளவு பெரிய துணியைத் தைக்க எந்த அறை போதும்? அவருடைய தமாலே நகரத்து விளையாட்டரங்கிலே விரித்து, நூற்றுக்கணக்கான கைவினைஞர்கள் சேர்ந்து தைத்தார்கள். வந்த பொருளை என்ன செய்தார்? 2019இல் தமாலே நகரத்திலேயே கலைக்கூடம் ஒன்றைத் திறந்தார். தம் ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்க, வரைய, படிக்க இடம் அமைத்தார். உலகத்துக்குச் சாக்கைக் காட்டினார். ஊருக்குக் கூடத்தைக் கொடுத்தார். கழிவிலே கலை காண்பவனுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேறு வேண்டுமோ?

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2020இல் சென்னைக் கண்ணகி நகரிலே, குடியிருப்புக் கட்டடங்களின் சுவர் முழுதும் பெரும் பெரும் ஓவியம் தீட்டினார்கள் தெரு ஓவியர்கள். 2000ஆம் ஆண்டு முதலாக, சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் இடம் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள், சுவரைப் பார்க்கவென்றே போனார்கள். நல்லதுதான், வரவேற்போம். ஆனால் சுவரிலே சிரிக்கும் குழந்தைக்கு வண்ணம் தந்தோம். சுவருக்குள்ளே வாழும் குழந்தைக்கு என்ன தந்தோம் என்ற கேள்வி, வண்ணம் காய்ந்த பிறகும் காயாமல் நிற்கும். நின்றால்தான் கலைக்கும் மதிப்பு.

இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பூருக்கு வருவோம். 1925 அளவிலே குலாம் காதர் தொடங்கிய பின்னல் ஆலையோடு இந்த ஊரின் பனியன் கதை தொடங்குகிறது. காதர்பேட்டை இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. 1932இல் துணிக்கொடி ஒன்றை நழுவவிடாமல் இந்த ஊர்த் தெருவிலே தடியடி பட்டு, அதனால் உயிர் விட்டான் குமரன். ஒரு துண்டுத் துணிக்கு எவ்வளவு விலை என்று இந்த ஊருக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை! 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்து, வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் தொழிலாளர்கள். இவற்றையெல்லாம் சொல்லும் ஓவியம் எங்கே? சிற்பம் எங்கே? கந்தல் துண்டுகளை ஒட்டித் தைத்த ஒரு பெருந்திரையாவது எங்கே?

கை இல்லையா? இருக்கிறது. கட்டிங் மாஸ்டரின் கத்தி வளைவைப் பாருங்கள். காகித அட்டையை மாற்றி மாற்றி வைத்து, துணி வீணாகாமல் கழுத்தும் கையும் பொருத்துகிறாரே, அது வடிவக் கலையல்லவா? சாயப்பட்டறையிலே வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துணுக்கோடு நிறம் ஒத்துவரும் வரை கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாரே, அது வண்ணக் கலையல்லவா? சுவரெழுத்துத் தோழர்களைத்தான் மறக்கலாமா? பகலெல்லாம் பட்டறை, இரவெல்லாம் ஏணி! கையிலே பிரஷ், வாளியிலே நீலம். அளவுகோலில்லாமல் ஆளுயர எழுத்தை நேராக நிறுத்திய கைகள் அவை. பிளெக்ஸ் அச்சு வந்தது. அந்தக் கைகள் வேலை இழந்தன. மட்காத பிளெக்ஸ் விழா முடிந்ததும் குப்பையாயிற்று. கலைஞனும் குப்பையோடு குப்பையாக ஒதுக்கப்பட்டான்!

வெளி மாநிலத் தோழர்களை மறப்பதற்கில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தோளோடு தோள் உரசி வேலை செய்கிறார்கள். "இந்திக்காரன்" என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்து ஒதுக்குகிறோமே, அவர்கள் கொண்டுவந்த செல்வம் என்னவென்று கேட்டோமா? ஒடிசாவின் பட்டச்சித்திரம் தீட்டுவது எதன்மேல்? பழைய பருத்திச் சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசிப் பதமாக்கிய துணியின்மேல்! பீகாரின் சுஜனி என்பது என்ன? பழஞ்சேலைகளை அடுக்கி, தையலாலேயே கதை சொல்லும் போர்வை! நம் பாட்டிமார் தைத்த ஒட்டுப்போர்வையும் அதே குடும்பந்தானே? கிழிந்ததை எறியாமல் வாழ்ந்தவர்கள் ஏழைகள். எறியாததை அழகாக்கியும் வைத்தார்கள். மொழி வேறு, ஊசி ஒன்று! இந்த ஊசிகளெல்லாம் ஒரே திரையிலே ஓடினால், அந்தத் திரை பேசும் ஒற்றுமைக்கு எந்த மேடைப் பேச்சு ஈடாகும்?

ஆக, பொருளும் இருக்கிறது, கையும் இருக்கிறது, சொல்ல வேண்டிய கதையும் இருக்கிறது. இல்லாதது இடமும் நேரமும் மதிப்பும்! இவை மூன்றும் வானத்திலிருந்து விழா. கேட்டுத்தான் பெற வேண்டும்.

என்ன கேட்கலாம்? மாளிகை வேண்டாம், மூடிக்கிடக்கும் ஒரு ஷெட் போதும். பியெல்லாவிலே பழைய ஆலை கலைக்கூடமானது போல, இங்கும் ஒரு பழைய கட்டடம் தொழிலாளர் கலைக்கூடமாகட்டும். ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் திறந்திருக்கட்டும். கம்பெனிகள் அள்ளிக் கொட்டும் கட்டிங் வேஸ்டிலே சில மூட்டை பள்ளிக்கூடங்களுக்குப் போகட்டும்; வண்ணப்பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளைக்கு, வண்ணமே மூட்டையாக வந்து சேரட்டும். ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே வரட்டும். படமெடுத்துக்கொண்டு ஓடுவதற்கல்ல, பக்கத்திலே உட்கார்ந்து கற்கவும் கற்பிக்கவும். தொழிற்சங்கங்களும் மன்றங்களும் படிப்பகங்களும் இதைத் தம் வேலையாக ஏற்கட்டும். ஊதிய ஒப்பந்தத்துக்குக் கூட்டம் போடுவது போலவே கலைக்கும் கூட்டம் போடட்டும்.

ஒரு நிபந்தனையை மட்டும் கல்லிலே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். யார் பொறுக்கினார், யார் பிரித்தார், யார் தைத்தார் — அவர்கள் பெயர் படைப்பின் கீழே இருக்கவேண்டும். அவர்களுக்குக் கூலி உண்டு. விற்றால் பங்கும் உண்டு. கலைஞனின் பெயர் ஒன்று மட்டும் மின்ன, நாற்பது விரல்கள் இருட்டிலே மறைவது என்றால், பீஸ் ரேட்டுச் சுரண்டலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

கலை குப்பைக்குத் திரையாகிவிடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். சாயக்கழிவு நொய்யலிலே ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கியது. உழவர்களின் வயலைக் கெடுத்தது. 2011 சனவரியிலே சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டிவந்தது. நாளுக்கொரு நிறம் காட்டிய அந்த ஆற்றை வண்ணக் காட்சி என்று யாரேனும் வருணித்திருந்தால், அவன் கலைஞனல்லன், கண்கெட்டவன்! மாநகராட்சிக் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டக்கூடாதென்று 2025இல் சுற்றுவட்டாரத்து மக்கள் போராடினார்கள். அந்தக் குழியோரத்தில் நான்கு பொம்மைகளை நிறுத்திவிட்டு "அழகுபடுத்தினோம்" என்று கணக்கு எழுதினால், அது கலையல்ல, கண்கட்டு வித்தை. கழிவைக் குறைப்பது ஆலையின் கடமை. அகற்றுவது ஆட்சியின் கடமை. இரண்டையும் இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று உரத்துக் கேட்பது கலையின் கடமை!

சென்னைக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலை நிற்கிறது. ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959 சனவரியிலே திறந்துவைக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1923இல் மே முதல் நாளைச் சிங்காரவேலர் கொண்டாடியதும் அதே சென்னைக் கடற்கரையிலேதான். மன்னனும் மகானும் நின்ற பீடத்திலே வேட்டியை வரிந்து கட்டிய உழைப்பாளி ஏறி நின்றது ஒரு பெரிய மாற்றம். ஆனால் அங்கே உழைப்பாளி உருவமாக நிற்கிறான். உருவத்தைப் படைத்தவர் வேறொருவர். அடுத்த மாற்றம் வரவேண்டாமா? கலைக்குப் பொருளாக நின்ற தொழிலாளி, கலையைப் படைக்கும் கையாக உயர வேண்டாமா?

அந்த மாற்றத்துக்குத் திருப்பூரைவிடத் தகுந்த ஊர் எது? உலகத்துக்கே உடுத்தத் தந்த ஊர், தன் கதையைத் தானே தைத்துக் காட்டட்டும். ஓவர்லாக் சீவித் தள்ளிய நாடாவிலே குமரனின் கொடி எழட்டும். சாயம் தவறிய பீஸிலே நொய்யலின் நோவு தெரியட்டும். ஓட்டை விழுந்த பனியனிலே 127 நாள் பட்டினி பேசட்டும். பத்துச் சிவப்பைப் பிரித்தறிந்த பெண்ணின் பெயர், அந்தத் திரையின் அடியிலே, கொட்டை எழுத்திலே பொறிக்கப்படட்டும்.

வேஸ்ட் என்று பெயர் வைத்தவர்கள் வைத்தார்கள், தோழர்களே. துணிக்கு மட்டுமா வைத்தார்கள்? வயதாகிக் கண் மங்கிய டெய்லருக்கும், கைவிரல் போன ஆபரேட்டருக்கும், பஞ்சு படிந்து நெஞ்சு இளைத்த பெண்ணுக்கும் சேர்த்துத்தான் வைத்தார்கள். அந்தப் பெயரைத் துணியிலிருந்து அழிக்கத் தெரிந்த கை, மனிதனிடமிருந்தும் அழிக்கும். மூட்டையை அவிழுங்கள்!